சடங்கு முடிந்தது; பிள்ளையிடம் யார் பேசினோம்?



நம் லயத்தில் ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் தோட்டத்துக்கே தெரிந்துவிடும். குச்சு கட்டுகிறோம், தண்ணீர் ஊற்றுகிறோம், மாமன் சீர் வருகிறது. கடன் வாங்கியாவது சடங்கைக் குறைவில்லாமல் முடிக்கிறோம். அப்படி ஒரு சடங்கு முடிந்து வகுப்புக்குத் திரும்பிய பிள்ளை என்னிடம் கேட்டாள்: "டீச்சர், ரத்தத்தைப் பார்த்ததும் பெரிய வருத்தம்னு பயந்துட்டேன். முன்னாடியே ஏன் யாரும் சொல்லல?"

இது அவள் ஒருத்தியின் கேள்வியல்ல. இலங்கையில் மூன்றில் இரண்டு பங்கு மாணவியர் முதல் மாதவிடாய்க்கு முன் அதைப்பற்றி அறிந்திருக்கவில்லை என்று யுனிசெஃப், வாட்டர்எயிட் நிறுவனங்களின் 2018 அறிக்கை சொல்கிறது. சுகாதாரப் பாடப் புத்தகத்தில் கட்டிளமைப் பருவம் பற்றிப் பாடம் இருக்கிறது. ஆனால் "வீட்டில் வாசியுங்கள்" என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடும் ஆசிரியர்களும் எங்களில் உண்டு.

பையன்களுக்கோ சடங்குமில்லை, சொல்லுமில்லை. குரல் உடைவதும், தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் நோயல்ல. காரணமில்லாத கோபமும் வெட்கமும் அந்த வயதின் இயல்பு. இதை அப்பாவோ மாமாவோ சொல்லாவிட்டால், கையிலுள்ள ஃபோன் தப்பாகச் சொல்லிக்கொடுக்கும்.

"பேசினால் பிள்ளை கெட்டுப்போகும்" என்கிறார்கள் பெரியவர்கள். பேசாத வீட்டுப் பிள்ளைதான், யாராவது தொட்டாலும் மிரட்டினாலும் வாய் திறக்கப் பயப்படுகிறது. ஃபோனைப் பிடுங்கிப் பார்ப்பதும், படம் அனுப்பச் சொல்லி நச்சரிப்பதும் அன்பல்ல; "வேண்டாம்" என்றால் நிறுத்துவதே அன்பு. இதை இருபாலாருக்கும் சொல்லவேண்டும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளையுடன் பாலுறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும் குற்றம். பொதுச் சட்டப்படி திருமண வயது 18. ஆபத்தென்றால் 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

இது சங்கத்தின் வேலையா என்று கேட்கலாம். 10க்கு 12 அடி காம்பராவில் ஆறேழு பேர் வாழும்போது, வளர்ந்த பிள்ளை உடுப்பு மாற்ற மறைவில்லை. ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் கேட்பதில் இந்தப் பிள்ளைகளின் மானமும் அடங்கியிருக்கிறது. பாடசாலை மலசலகூடத்தில் தண்ணீரும் தாழ்ப்பாளும் கேட்பதும் நமது கோரிக்கையே.

பகலில் பாடசாலைக்கு வந்தால் அரைப்பேர் போய்விடும் என்பது தெரியும். ஆகவே மாதர் சங்கங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்பநல உத்தியோகத்தரை அழைத்துக் கூட்டம் வைக்கட்டும். தோட்டத் தலைவர்கள் தகப்பன்மாரையும் கூட்டிவரவேண்டும். அம்மா வெளிநாட்டிலிருக்கும் வீட்டில் பாட்டியை அழையுங்கள்.

அடுத்த சடங்குக்குப் பந்தல் போடும் முன்னரே பிள்ளையிடம் பேசிவிடுவோம்.