அடியில் ஓடும் குரல்

காரியாபட்டி வட்டாரத்தில் அம்மன் கோயில் பொங்கலுக்கு வள்ளி திருமணம் நாடகம் வைத்தால், விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற கூட்டம் இன்னும் இருக்கிறது. நாரதர் வருவார். முதலில் தாளம் இல்லாமல் விருத்தம். சொல் போகிற போக்கில் குரல் போகும். ஆர்மோனியக்காரர் கட்டைகளைப் பிடித்தபடி கூடவே நிற்பார். விருத்தம் முடிகிற இடத்தில் மிருதங்கம் விழும், பாட்டு எழும். சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த இந்த நாடகங்களில் பழகிய காதுக்கு ஐரோப்பாவின் பரோக் வாய்ப்பாட்டு அந்நியமாக இருக்காது என்பது என் உறுதியான எண்ணம். அங்கேயும் கதையை நகர்த்துவது பேச்சை ஒட்டிப் போகும் ரெசிடடிவ். கதை நின்று மனம் பேசுகிற இடத்தில் ஆரியா. இரண்டுக்கும் அடியில் ஒரு செல்லோ, ஒரு ஆர்கன் அல்லது ஹார்ப்சிகார்டு, விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு பாஸோ கன்டினுவோ என்று பெயர். வாசிப்பவருக்கு எழுதிக் கொடுப்பது கீழ்ஸ்வர வரிசையும் சில எண்களும் மட்டுமே. மேலே எதைச் சேர்த்து எப்படி நிரப்புவது என்பது அவருடைய கைப்பக்குவம்.

இந்தப் பாணி 1600-ஐ ஒட்டி இத்தாலியில் பிறந்தது. பல குரல்கள் பின்னிப் பின்னிப் பாடியதில் சொல் காதில் விழாமல் போகிறது என்று பிளாரன்ஸில் சிலர் ஆதங்கப்பட்டார்கள். சொல்தான் முன்னே போக வேண்டும், இசை அதன் பின்னால் வரட்டும் என்றார்கள். 1607-ல் மான்டெவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ மாந்துவாவில் அரங்கேறியது. இந்தப் பாணியில் வேஷம் கட்டி நடித்தால் ஆபரா. வேஷமில்லாமல் வேதக்கதையைப் பாடினால் பெரும்பாலும் ஆரடோரியோ. இயேசுவின் பாடுகளைச் சொன்னால் பேஷன். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தேவாலயத்துக்கு வாராவாரம் எழுதிக் கொடுத்தவை கன்டாட்டா. ஹேண்டல் 1741-ல் 24 நாளில் எழுதி முடித்த ‘மெசையா’வின் அல்லேலூயா கோரஸைக் கேட்காத கிறிஸ்தவ வீடு நம் பக்கம் அபூர்வம்.

ஆனால் நமக்கு மிக நெருக்கமானது இவற்றில் எதுவுமல்ல, கோரல். லுத்தரன் சபையார் எல்லோரும் சேர்ந்து பாடும் எளிய ஞானப்பாட்டு. 1706-ல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது பாக்குக்கும் ஹேண்டலுக்கும் வயது 21. ஹேண்டல் பிறந்த ஹாலே நகரம்தான் தரங்கம்பாடி மிஷனுக்கும் தாய்வீடு. அங்கிருந்து வந்தவர்கள் ஜெர்மன் கோரல்களை அதே மெட்டில் தமிழாக்கினார்கள். பிறகு வந்த பப்ரிசியுஸ் அந்த வேலையைப் பெரிதாகச் செய்தார். பாக் உயிரோடு இருந்த காலத்திலேயே, அவர் கையாண்ட மெட்டுகளின் உலகம் சோழமண்டலக் கரையில் தமிழ் பேசியது. இதை நம் பள்ளிப் பாடங்களில் யாரும் சொல்லித் தராதது எனக்கு ஆறாத குறை.

ஒரு மெட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஹாஸ்லர் 1601-ல் வெளியிட்டபோது அது காதல் பாட்டு. பிறகு பால் கெர்ஹார்ட், முள்முடி சூடிய தலையைப் பற்றி எழுதிய பாடல் அதில் ஏறியது. அதன் தமிழாக்கத்தை இன்றும் பெரிய வெள்ளியன்று பாடுகிறோம். பாக் 1727-ல் லைப்ஸிக்கில் அரங்கேற்றிய ‘மத்தேயு பேஷ’னில் இதே மெட்டு ஐந்து முறை வருகிறது. மேலே கேட்கும் மெட்டு ஏறத்தாழ ஒன்றேதான். கீழே ஆல்ட்டோ, டெனர், பேஸ் குரல்கள் போகும் வழிதான் ஒவ்வொரு முறையும் வேறு. இயேசு உயிர் விட்டதும் வரும் கடைசி முறையில் கீழ்க்குரல்கள் அரைஸ்வரம் அரைஸ்வரமாக நகர்கின்றன. நேற்றுவரை ஆறுதலாக இருந்த அதே மெட்டு அங்கே நெஞ்சை அடைக்கிறது. அப்படிச் செய்வது மேல்மெட்டு அல்ல, அடியில் இருப்பவர்கள். கீழ்க்குரலும் தனக்கென்று ஒரு பாட்டுதான் என்பது ‘பகல் நிலவு’ படத்தின் ‘பூமாலையே’வில் இளையராஜாவும் ஜானகியும் ஒரே நேரத்தில் இரு மெட்டுகளில் போவதைக் கேட்டவர்களுக்குப் புரியும்.

எங்கள் பக்கத்துக் கொயர்களில் சோல்ஃபா புத்தகத்தை விரித்து நாலு பார்ட் பாடிய பெரியவர்கள் உண்டு. ட, ர, ம என்று முணுமுணுத்துக்கொண்டே கால் பெருவிரலால் தாளம் போடுவார்கள். இப்போது கீபோர்டில் ரிதத்தைத் தட்டிவிட்டு, திரையில் வரிகளை ஓடவிட்டு, எல்லோரும் மேல்மெட்டையே பாடுகிறோம். சத்தம் கூடியிருக்கிறது, பாட்டு பாதியாகிவிட்டது. கீபோர்டு மேல் எனக்குக் கோபமில்லை. பேஸ் பாடுகிறவருக்கு அடுத்து ஆள் இல்லை என்பதுதான் வருத்தம்.

இதைச் சரிசெய்யப் பெரிய அரங்கமோ வெளிநாட்டுப் பயிற்சியோ வேண்டாம், நாலு பேர் போதும். லெந்து நாட்களிலேயே தொடங்கலாம். ஒரு பாமாலையை எடுத்து, முதல் வாரம் பேஸ் பார்ட்டை மட்டும் எல்லோருக்கும், சிறுபிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். அது மனப்பாடமான பிறகு மேல்மெட்டை எடுக்கலாம்.