ஒரே புற்றுநோய், ஒரே மாத்திரை... ஒருவருக்குப் பலன், இன்னொருவருக்கு இல்லை: ஏன்?

தூத்துக்குடியில் ஒரே தெருவில் இருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் துறைமுகத் தொழிலாளி, பல வருஷமாகப் பீடிப் பழக்கம் உள்ளவர். இன்னொருவர் மீனவர் குடும்பத்துப் பெண், புகையைத் தொட்டதே இல்லை. தினம் ஒரு மாத்திரையில் அந்த அம்மாவுக்கு மூச்சுத்திணறல் குறைகிறது. "அதே மாத்திரையை எங்களுக்கும் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று தொழிலாளியின் வீட்டார் கேட்டால், டாக்டர் ஏன் உடனே எழுதுவதில்லை?

மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

செல்லின் மேல் 'இ.ஜி.எஃப்.ஆர்' என்ற புரதம் உண்டு. "வளரு" என்று செல்லுக்குச் சொல்லும் சுவிட்ச் மாதிரி. இதற்கான மரபணுவில் சில வகை மாற்றம் ஏற்பட்டால், சுவிட்ச் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், கட்டியும் வளரும். ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் போன்ற மாத்திரைகள் அந்த சுவிட்சை அணைக்கின்றன. கட்டியை வளர்ப்பது வேறு மரபணு என்றால், இதை அணைத்துப் பெரிய பயனில்லை.

இந்த மாற்றம் பெரும்பாலும் கட்டியில் மட்டுமே உருவாவது. பரம்பரையாகப் பிள்ளைகளுக்கு வந்துவிடுமோ என்று பொதுவாகப் பயப்பட வேண்டியதில்லை.

யாருக்கு இருக்கும்?

இந்தியாவில் 'அடினோகார்சினோமா' வகை நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு இருக்கிறது. புகைக்காதவர்களிடமும் பெண்களிடமும் அதிகம். ஆனால் ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. சிப்பியைத் திறந்தால்தானே முத்து இருக்கிறதா என்று தெரியும்?

டெஸ்ட் எடுக்காமல் கொடுத்தால் என்ன?

ஆசியாவில் 1,217 பேரிடம் நடந்த 'ஐபாஸ்' ஆய்வு 2009-ல் வெளியானது. மரபணு மாற்றம் இருந்தவர்களுக்கு, கீமோவைவிட ஜெஃபிட்டினிப் நோயை அதிக நாள் கட்டுப்படுத்தியது. மாற்றம் இல்லாதவர்களுக்கு நிலைமை தலைகீழ், கீமோதான் கைகொடுத்தது. அதாவது, தவறான மாத்திரையில் வீணாவது பணம் மட்டுமல்ல, நாட்களும்தான்.

பலன் தந்த மாத்திரை பிறகு ஏன் கைவிடுகிறது?

கட்டி மீண்டும் மாறுகிறது. ஜெஃபிட்டினிப் கைவிட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் 'டி790எம்' என்ற புது மாற்றம் காணப்படுகிறது. அதையும் தாண்டி வேலை செய்வது ஒசிமெர்டினிப். இப்போது இதை ஆரம்பத்திலேயே கொடுப்பதும் உண்டு. 2024 ஜூலை பட்ஜெட்டில் இதற்கான சுங்க வரி முழுமையாக நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. ஆனால் டெஸ்ட் எடுக்காதவருக்கு இந்த வரிச்சலுகையால் என்ன லாபம்?

நோயாளிகள் என்ன கேட்க வேண்டும்?

பயாப்ஸி சதையை மெழுகில் பதித்த 'பிளாக்' ஆக மருத்துவமனையில் வைத்திருப்பார்கள். அதை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம், நோயாளி அலைய வேண்டியதில்லை. டெஸ்ட் செலவு காப்பீட்டில் வருமா என்று முன்பே கேளுங்கள். நோய் திரும்பினால் மறுபடி டெஸ்ட் தேவையா என்றும் கேளுங்கள். ரத்தத்திலேயே பார்க்க முடியும். அதில் தெரியவில்லை என்றால் மீண்டும் பயாப்ஸி தேவைப்படலாம்.

அந்தத் தொழிலாளிக்கும் இதே மாற்றம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ரிப்போர்ட் வரும்வரை டாக்டர் காத்திருப்பது அதனால்தான்.