பெயர் மட்டும் போதுமா? – ஒரு படக்கதையும் வடபுலத் தொன்மமும்



“சூப்பர் ஹீரோ படக்கதை படித்தே என் பிள்ளை நோர்ஸ் புராணத்தைக் கற்றுக்கொண்டான்” என்று மகிழ்வோர் உளர். அம்மகிழ்ச்சி பொருத்தமானதுதானா? அன்று என்பதே என் வாதம். அதற்குச் சான்றாக ஒரே ஓர் இதழை எடுத்துக்கொள்கிறேன்.

2011 ஏப்ரலில் மார்வெல் நிறுவனம் ‘ஃபியர் இட்செல்ஃப்’ என்னும் தொடரின் முதல் இதழை வெளியிட்டது. எழுதியவர் மாட் ஃபிராக்ஷன். வரைந்தவர் ஸ்டூவர்ட் இம்மோனன். கேப்டன் அமெரிக்கா, அயர்ன் மேன், தோர் முதலியோர் ஒன்றுகூடும் ஏழு இதழ்த் தொடர் அது. ‘தோர்’ திரைப்படம் வெளிவந்த பருவத்திலேயே இதுவும் கடைக்கு வந்தது. வணிக நோக்கம் வெளிப்படை.

இதழில் நல்லதும் உண்டு. கலங்கிய மக்கள் நியூயார்க் வீதியில் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளும் தொடக்கக் காட்சி உண்மையானது. இம்மோனனின் கோடுகள் அதனை உயிரோடு காட்டுகின்றன. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தொன்மம் என்ன ஆயிற்று?

ரெட் ஸ்கல் என்னும் நாஜிக் கொடியவனின் மகள், தந்தையால் தூக்க இயலாத சுத்தியலைத் தூக்குகிறாள். உடனே ‘ஸ்காடி’ ஆகிறாள். கடலடியில் சிறைப்பட்ட ‘சர்ப்பம்’ என்பவனை விடுவிக்கிறாள். இங்கே ஸ்காடி என்பது வெறும் பெயர்ப்பலகை.

13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் தொகுத்த ‘எட்டா’ நூலில் வரும் ஸ்காடி யார்? தந்தை தியாசியைத் தேவர்கள் கொன்றதற்கு நீதி கேட்டு, படைக்கலம் தாங்கித் தன்னந்தனியே அவர்தம் கோட்டைக்கு வந்த அரக்கர்குலப் பெண். தேவர்கள் போரிடவில்லை; ஈடு தர முன்வருகின்றனர். பாதங்களை மட்டும் பார்த்து ஒரு கணவனைத் தேர்ந்துகொள்ளச் சொல்கின்றனர். அழகிய பாதம் பால்டருடையது என எண்ணிக் கடல்தேவன் நியோர்டைத் தேர்கிறாள். அவனுக்கு மலையின் ஓநாய் ஊளை பிடிக்கவில்லை. அவளுக்குக் கடற்பறவைகளின் கூச்சல் பிடிக்கவில்லை. மணவாழ்வு நிலைக்கவில்லை. பழிக்கு ஈடு உண்டா, இழப்பை எதனால் நிரப்புவது என்னும் பெரிய வினாக்கள் அக்கதையில் உள்ளன. படக்கதையில் அவற்றுள் ஒன்றேனும் உண்டா?

ஓடினைப் பாருங்கள். இதழின் இறுதியில் அவர் தேவர்களை எல்லாம் திரட்டிக்கொண்டு பூமியைக் கைவிட்டுப் புறப்படுகிறார். எதிர்த்த மகன் தோரை அடித்து வீழ்த்தி இழுத்துச் செல்கிறார். காட்சி விறுவிறுப்பானதே. ஆயினும் ‘எட்டா’வின் ஓடின் தம்மை ஃபென்ரிர் என்னும் ஓநாய் விழுங்கும் என்பதை முன்னரே அறிந்தவர். அறிந்தும் இறுதிப் போர்க்களத்திற்குச் செல்கிறார். தோற்பது உறுதி என்று தெரிந்தும் கடமையிலிருந்து விலகாமை... அத்தொன்மத்தின் உயிரே அதுதானே! அதனை நீக்கிவிட்டு எஞ்சுவது என்ன?

‘எட்டா’வில் தோர் உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பைக் கொன்று, ஒன்பது அடி நடந்து, அதன் நஞ்சால் மாள்கிறார்; சுத்தியல் அவருடைய மைந்தர் மோடிக்கும் மாக்னிக்கும் உரியதாகிறது. இத்தொடரின் ஏழாம் இதழிலும் தோர் அவ்வாறே வீழ்கிறார். ஆனால் சில மாதங்களிலேயே வேறோர் இதழில் மீண்டுவிடுகிறார்! விற்பனைக்குரிய நாயகன் இறக்கலாகாது அல்லவா?

“தொன்மங்கள் காலந்தோறும் மாறுவன, ஸ்னோரியே கிறித்தவர்தாமே?” என்று சிலர் வினவலாம். நியாயமான வினா. மாற்றுவது குற்றமன்று. மாற்றியதையே மூலமென்று பிள்ளை நம்புவதும், அந்நம்பிக்கையை நாம் கல்வி என்று பாராட்டுவதுமே குறை. தோர் செந்தாடிக்காரர் என்பதையோ, லோக்கி அவருடைய தம்பியல்லன், ஓடினின் குருதிச் சகோதரன் என்பதையோ அறியாத பிள்ளை, புராணம் கற்றதாக எப்படிக் கூறுவது?

படக்கதையைப் பறித்துவிடுங்கள் என்று நான் கூறவில்லை. பறித்தால் ஒளித்துப் படிப்பர். அதன் அருகிலேயே ‘எட்டா’வின் கதையையும் வையுங்கள், நாமே வாய்மொழியாகச் சொன்னாலும் போதும். பின்னர் மூன்று வினாக்களைக் கேளுங்கள்:

1. ஸ்காடி ஈரிடத்தும் எதற்காகப் படைக்கலம் ஏந்தினாள்?
2. ஆபத்தை அறிந்த ஓடின் ஈரிடத்தும் என்ன செய்தார்?
3. இம்மாற்றங்களால் கதை பெற்றது என்ன, இழந்தது என்ன?

மூன்றாம் வினாவிற்குப் பிள்ளை தானே விடை தேடட்டும். “படக்கதைதான் சிறந்தது” என்று காரணத்தோடு அவன் வாதிட்டாலும் எனக்கு மகிழ்ச்சியே. அப்பொழுது அவன் இரண்டையும் படித்திருப்பான்.