செங்கோட்டை எந்த மாவட்டத்தில் இருந்தது?

போன தீபாவளிக்குத் தம்பி மகன் வந்திருந்தான். பலகாரத் தட்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே மடிக்கணினியைத் திறந்துவிட்டான். எங்கள் குடும்பக் கொடிவழி முழுவதையும் ஒரு மென்பொருளில் ஏற்றி முடித்திருந்தான். ஆறு தலைமுறை, முன்னூறு பேருக்கு மேல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் அடுத்ததாகச் சொன்னதுதான் வினை.

"ஊர்ப் பேரெல்லாம் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி குடுத்திருந்தாங்க பெரியப்பா. ஒரே பட்டன்ல எல்லாத்தையும் இன்னைக்கு இருக்கிற பேருக்கு மாத்திட்டேன்."

அந்த ஒரு பட்டனோடுதான் எனக்குச் சண்டை. இதே பட்டனை வேறு பல வீடுகளிலும் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் எழுதிக் கொடுத்த தாள்களில் ஒருவர் திருநெல்வேலி என்று எழுதியிருந்தார், இன்னொருவர் நெல்லை என்று. அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதியிருந்தார். பழைய பள்ளிச் சான்றிதழில் வெள்ளைக்காரன் காலத்து டின்னவேலி. நமக்கு எல்லாம் ஒரே ஊர். மென்பொருளுக்கு ஐந்து ஊர். திருநெல்வேலியில் பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்டால் பாதிப் பேர்தான் வருவார்கள். எனவே ஏதோ ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒழுங்கு என்பது 1900-ஐயும் 1950-ஐயும் இன்றைய தேதிக்கு இழுத்து வருவது அல்ல.

என் பெரிய அத்தையின் பதிவைத் திறந்து பார்த்தேன். "இறப்பு: 1942 வாக்கில். செங்கோட்டை, தென்காசி மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா." பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஏன் என்று கேட்டேன். "திருநெல்வேலியிலயும் தென்காசியிலயும் ஆள் வச்சுத் தேடிட்டேன் பெரியப்பா, ஒரு பதிவும் இல்ல. பிள்ளையும் கிடையாது, போட்டோவும் கிடையாது. அப்படி ஒருத்தங்க இருந்தாங்களான்னே தெரியல. எடுத்துடலாமான்னு பாக்கிறேன்" என்றான்.

எனக்குப் பகீரென்றது. பத்தொன்பது வயதில் போன பெண். என் ஆச்சி கடைசிக் காலம் வரை பெயர் சொல்லி அழுத மகள். அவளை எடுத்துவிடலாமாம்!

1942-ல் தென்காசி மாவட்டம் கிடையாது. அது 2019-ல் பிறந்தது. தமிழ்நாடு என்ற பெயரில் மாநிலமும் கிடையாது. அந்தப் பெயர் 1969 ஜனவரியில் வந்தது. அதையெல்லாம் விடுங்கள். செங்கோட்டை அன்று சென்னை மாகாணத்திலேயே இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சில மைல் தள்ளி இருக்கும் தென்காசி வெள்ளைக்காரன் ஆட்சியில், செங்கோட்டை மகாராஜா ஆட்சியில். 1949 ஜூலையில் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம் வந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதிதான் செங்கோட்டை தாலுகாவின் பெரும்பகுதி கொல்லம் மாவட்டத்திலிருந்து பிரிந்து நம் பக்கம் வந்து, திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. அத்தை வாழ்க்கைப்பட்ட வீடு நின்ற இடத்திலேயேதான் நின்றது. அதன் மேலே இருந்த அரசாங்கமும் மாவட்டமும் நான்கைந்து முறை மாறிவிட்டன.

தேடவேண்டிய இடமே வேறு என்றால் திருநெல்வேலியில் என்ன கிடைக்கும்?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த தாள்களை நானே படம் எடுத்துப் போட்டிருந்தேன். அதில் ஒன்று சங்கு முத்திரை போட்ட பத்திரத்தாள். தம்பி மகன் அதைப் பார்த்திருக்கிறான். யாரோ கேரளாக்காரர் பத்திரம், தவறி நம் பெட்டியில் கிடக்கிறது என்று ஒதுக்கிவிட்டான். அதில் இருந்த 1117 என்பதைப் பத்திர எண் என்று நினைத்துவிட்டான். அது கொல்லம் ஆண்டு. 1117 சித்திரை என்றால் நம் கணக்கில் 1942 ஏப்ரல், மே. காலஞ்சென்ற தன் மனைவியின் சீதன நகைகளை மாமனாரிடம் திருப்பிக் கொடுத்ததற்கு அத்தையின் வீட்டுக்காரர் எழுதிய பத்திரம் அது. அத்தையின் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஆதாரம் கையிலேயே இருந்தது. திரையில் தென்காசி மாவட்டம், தமிழ்நாடு என்று இருந்ததால் சங்கு முத்திரை அவன் கண்ணில் பட்டும் மனதில் படவில்லை. 'செங்கோட்டை, திருவிதாங்கூர் சமஸ்தானம்' என்று இருந்திருந்தால் பார்த்த அன்றே பிடித்திருப்பான். பையன் கெட்டிக்காரன்தான். தப்பு அந்தப் பட்டனில்.

நான் பதிவுத் துறையில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவன். அங்கே ஊர்ப் பெயரோடு விளையாட முடியாது. எந்தப் பத்திரத்தை எடுத்தாலும் சொத்து விவரத்தில் ஒரு வரிசை இருக்கும்: பதிவு மாவட்டம், சார்பதிவகம், வட்டம், கிராமம், சர்வே எண், நான்கு எல்லை. 1950-ல் எழுதிய பத்திரத்தில் இருக்கும் மாவட்டப் பெயரை, மாவட்டம் பிரிந்துவிட்டது என்பதற்காக யாரும் அடித்துத் திருத்துவதில்லை. பிழையே இருந்தாலும் பிழைதிருத்தல் பத்திரம் என்று தனியாக ஒன்று எழுத வேண்டுமே தவிர, பழையதில் கை வைக்கக் கூடாது.

வில்லங்கச் சான்று கேட்டு வருகிறவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தால், மாற்றிய தேதிக்கு முந்தைய காலத்துக்குப் பழைய அலுவலகத்தின் புத்தகங்களைத்தான் தேட வேண்டும். இன்றைய அலுவலகத்தில் மட்டும் பார்த்துவிட்டு வில்லங்கம் இல்லை என்று நிலம் வாங்கியவன் பாடு திண்டாட்டம்தான். நிலத்துக்கு இவ்வளவு கவனம் வேண்டும் என்றால் மனுஷிக்கு வேண்டாமா?

"எல்லாம் ஒரே மாதிரி இருந்தாத்தானே தேட முடியும்?" என்று தம்பி மகன் கேட்டான். ஒரே மாதிரி இருக்கவேண்டியது விதி. ஊருக்கு எந்தக் காலத்திலும் ஒரே பெயர் என்பது விதியாகாது. நான் அவனுக்குச் சொன்ன விதிகள் இவை.

ஒன்று: சம்பவம் நடந்த தேதியில் அந்த ஊர் எங்கே இருந்ததோ அப்படியே எழுது. ரங்கூனில் 1935-ல் பிறந்தவர் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர். 1938-ல் பிறந்த தம்பி அதே வீட்டில் பிறந்திருந்தாலும் பர்மாவில் பிறந்தவர். நடுவில் 1937-ல் பர்மா பிரிந்துவிட்டது.

இரண்டு: சிறியதிலிருந்து பெரியதற்குப் போ. ஊர், தாலுகா, மாவட்டம், மாகாணம் அல்லது மாநிலம், நாடு. நடுவில் கமா. மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று தகவல் கொடுத்து வாங்கும் ஜெட்காம் கோப்பிலும் இந்த வரிசைதான் வழக்கம். தாலுகா தெரியவில்லையா, கமாவைப் போட்டு இடத்தைக் காலியாக விடு. ஊகித்து நிரப்பாதே. வெறும் திருப்பத்தூர் என்று எழுதி நிறுத்தினால் சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரா, வாணியம்பாடி பக்கத்துத் திருப்பத்தூரா என்று உன் பேரன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

மூன்று: கதவு எண்ணும் தெருவும் ஊர்ப் பெயரோடு சேராது. அதற்கு முகவரி என்று தனிக் கட்டம் இருக்கிறது. சென்னையில் பழைய எண், புதிய எண் என்று வாசலில் இரண்டு பலகை தொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எந்த எண் என்பதையும் சேர்த்து எழுது. தயவுசெய்து 1931-ல் பிறந்த தாத்தாவுக்குப் பின்கோடு போடாதே. பின்கோடு 1972-ல்தான் வந்தது. (இதுவும் எங்கள் கொடிவழியில் நடந்திருக்கிறது.)

நான்கு: ஊர்ப் பெயரைத் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டலில் வை. ஆங்கிலத்தை நம்பாதே. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்தது. சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். அரசாங்கத்துக்கே தீராத வழக்கு அது. நெல்லை, கோவை, மாயவரம் எல்லாம் மாற்றுப் பெயர் கட்டத்துக்குப் போகட்டும். மூல ஆவணத்தில் எப்படி இருந்ததோ, அதை எழுத்து மாறாமல் ஆதாரக் குறிப்பில் எழுதிவிடு.

இவ்வளவும் செய்தால் தேட முடியாதே என்ற பயம் வேண்டாம். கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் செங்கோட்டையை ஒரே ஒரு இடமாக வைத்துக்கொண்டு, அது எந்தத் தேதி வரை எதற்குள் இருந்தது என்று அடுக்கிவிடலாம். மாற்றுப் பெயர்களுக்கும் தேதி போடலாம். அந்த வசதி இல்லாத மென்பொருளாக இருந்தால், இன்றைய மாவட்டத்தைக் குறிப்பில் எழுதி, அட்சரேகை தீர்க்கரேகையைச் சேர்த்துவிட்டால் போதும். இடம் வரைபடத்தில் அசையாது. பெயர் அந்தந்தக் காலத்தோடு நிற்கும்.

இது ரொம்ப வேலை என்பார்கள். ஆமாம், வேலைதான். முன்னூறு பேருக்கும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நானும் தம்பி மகனும் வாரம் ஒரு ஞாயிறு போனில் உட்கார்ந்து இப்போதுதான் நூற்றுப் பத்தாவது பெயருக்கு வந்திருக்கிறோம். ஆனால் நாம் எல்லோரும் சேர்ந்து செய்வது வெறும் பட்டியல் இல்லை. இன்னும் ஐம்பது வருஷம் கழித்து, நம்மில் யாரையும் பார்த்திராத ஒரு பிள்ளை எங்கே போய்த் தேடுவது என்று கேட்கும்போது, வழி சொல்ல அந்த ஒரு வரிதான் இருக்கும். அந்த வரியில் நம் வசதிக்காகப் பொய் எழுதக் கூடாது.

பெரிய அத்தையின் பதிவை அன்று இரவே திருத்தினோம். "செங்கோட்டை, செங்கோட்டை தாலுகா, கொல்லம், திருவிதாங்கூர் சமஸ்தானம்." ஆதாரம் என்ற கட்டத்தில் அந்தச் சங்கு முத்திரைத் தாளின் படம். கேள்விக்குறியைத் தம்பி மகனே எடுத்துவிட்டான்.