கோடு எழுந்து கூரையாகிறது

பள்ளிவாசல்களிலும் பழைய அரண்மனைகளிலும் காணப்படும் நட்சத்திர வடிவங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கருத்து தவறாமல் சொல்லப்படுகிறது. உருவம் வரைய இடமில்லாமற் போனதால், வேறு வழியின்றி முஸ்லிம் கலைஞர்கள் கோடுகளிலும் கோணங்களிலும் புகுந்தனர் என்பதே அது. தொழுமிடங்களில் உருவங்கள் தவிர்க்கப்பட்டது உண்மை. ஆயினும், வேறு வழியின்றிப் பற்றிக்கொண்ட ஒரு கலை, ஓவியத்தையும் சிற்பத்தையும் கட்டடத்தையும் ஒரே கணக்கில் இணைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்குமா என்பதை வாசக அன்பர்கள் சிந்திக்க வேண்டும்.

பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அபுல் வஃபா அல்-பூஸ்ஜானீ (940–998), கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவ கணிதத்தை விளக்கித் தனியாகவே ஒரு நூல் எழுதினார். மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்பது அதிலுள்ள கணக்குகளுள் ஒன்று. கைவினைஞர் கண்ணுக்குச் சரியாகத் தோன்றுவதோடு நிறைவடைந்துவிடுகிறார். கணிதரோ நிறுவும் முறையை அறிவார், ஆனால் வெட்டிப் பழகியவரல்லர். இவ்விரு குறைகளையும் அவர் எடுத்துக்காட்டினார். ஏட்டறிவும் கைத்திறனும் ஒன்றையொன்று தேடிய காலம் அது.

அந்தத் தேடலின் முதிர்ந்த கனியே ‘முகர்னஸ்’ எனப்படும் அமைப்பு. சதுரமான அறையின் மீது வட்டமான குவிமாடத்தை வைத்தால் நான்கு மூலைகளும் வெறுமையாக நின்றுவிடும். அவ்விடங்களைச் சிறுசிறு மாடங்களால் அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் கீழுள்ளதைவிடச் சற்று முன்னே நீட்டிக்கொண்டே மேலேறுவர். அண்ணாந்து பார்ப்பவருக்கு அது தேனடையைக் கவிழ்த்து வைத்தாற்போல் தோன்றும். அதையே தாளில் வரைந்தால் சதுரம், சாய்சதுரம், முக்கோணம் ஆகியவை நெருங்கிப் பொருந்திய ஒரு தட்டையான கோலமே எஞ்சும். தாளில் அது ஓவியம். ஒவ்வொரு துண்டையும் செதுக்கும்போது சிற்பம். அனைத்தும் கூடியபின் கூரை.

இதற்குச் சான்றுகள் உள்ளன. ஈரானில் தக்தே சுலைமான் என்னுமிடத்தில், மங்கோலிய மரபினரான இல்கானிய மன்னர்கள் 1270களில் எழுப்பிய அரண்மனையின் இடிபாடுகளிலிருந்து, ஏறத்தாழ 50 செ.மீ. அளவுள்ள சாந்துப் பலகை ஒன்று கிடைத்தது. முகர்னஸ் கூரை ஒன்றின் கால் பகுதி மட்டும் அதில் கீறப்பட்டுள்ளது. மற்ற முக்கால் பகுதியும் அதன் மறுபதிப்பே என்பதால், வேலையறிந்த கொத்தனாருக்கு அதுவே போதுமாயிருந்தது. பின்னர் சமர்கந்தில் வாழ்ந்த அல்-காஷீ, 1427இல் முடித்த ‘மிஃப்தாஹுல் ஹிஸாப்’ என்னும் நூலில், முகர்னஸின் வளைந்த பரப்பை அளக்கும் முறையைக் கட்டடத் தொழிலுக்குப் பயன்படும் வகையில் வகுத்துத் தந்தார்.

இக்கலையின் சிகரத்தைக் காண ஸ்பெயினின் கிரனாடா நகருக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள அல்ஹம்ரா அரண்மனையில், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐந்தாம் முஹம்மது மன்னர் கட்டுவித்த ‘இரு சகோதரிகள் கூடம்’ இருக்கிறது. சதுரமாகத் தொடங்கும் அறை எண்கோணமாகி, அதன்மேல் 5,000க்கும் மேற்பட்ட சாந்துத் துண்டுகள் நட்சத்திரமாக விரிகின்றன. கூரையின் பாரத்தை இத்துண்டுகள் தாங்குவதில்லை; அது மேலுள்ள கட்டுமானத்தின் வேலை. அப்படியானால் இது வெறும் அலங்காரந்தானே என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் இத்துண்டுகளை நீக்கிவிட்டால் அறையின் வடிவமே குலைந்துவிடும். சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று அறிய முடியாதபடி இரண்டையும் இணைப்பவை இவையே.

இம்மரபு நம் காலத்திலும் உயிர்பெற்றது. ஈரானியக் கலைஞர் முனீர் ஷாரூதி ஃபர்மான்ஃபர்மாயன் (1922–2019) என்னும் பெண்மணி, ஷீராஸ் நகரின் ஷாஹ் சிராக் அடக்கத்தலத்தில் கண்ட கண்ணாடிப் பதிப்பு வேலையால் கவரப்பட்டார். சுவரோடு ஒட்டியிருந்த அக்கலையை, முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகியவற்றின் கணக்கு வழுவாமல் தனித்து நிற்கும் சிற்பங்களாகவும் ஆக்கினார். 2015இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. 2017இல் தெஹ்ரானில் அவர் பெயரிலேயே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

இன்று அச்சில் வார்த்த நட்சத்திரப் பலகைகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கிச் சுவரில் ஒட்டுவதில் குற்றமில்லை. ஆனால் அறையின் அளவுக்கும் கோலத்தின் அளவுக்கும் உறவில்லாதபோது, மூலைக்கு வந்ததும் நட்சத்திரம் பாதியில் வெட்டுண்டு நிற்கிறது. பொருள் கிடைக்கிறது, கணக்கு கைநழுவிவிடுகிறது.

அக்கணக்கை மீட்கப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கவராயத்தைக் கொடுங்கள். ஒரு வட்டம் வரைந்து, கவராயத்தின் அகலத்தை மாற்றாமல் அதன் விளிம்பைச் சுற்றி அடையாளமிட்டு வரச் சொல்லுங்கள். ஆறாவது அடி புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்து சேரும். அப்புள்ளிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இணைத்தால் ஆறுமுனை நட்சத்திரம் பிறக்கும். கிரனாடாவின் கூரையும் இத்தகையதொரு வட்டத்திலிருந்துதான் எழுந்தது என்று அப்போது சொல்லுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.