மோட்டாரின் மூச்சு

சைக்கிள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டவர்கள் அறிவார்கள்: காற்றை அழுத்தினால் உஷ்ணம் பிறக்கும். ஸ்விட்ஸர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பூகி 1905-ல் பேடண்டுக்குப் பதிவு செய்த டர்போ முறைக்கும் இந்த உபாதை உண்டு. 30 டிகிரி சென்டிகிரேடிலுள்ள காற்றின் அழுத்தத்தை இரு மடங்காக்கினால், உஷ்ணம் 100 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. சூடேறிய காற்றில் பிராணவாயு செறிவு குறைவு. அது மட்டுமா? பெட்ரோல் வேளை கெட்டு வெடித்து, பிஸ்டனையே உடைத்தாலும் உடைக்கும். ஆகவேதான் நடுவே ஒரு குளிர்விப்பான். 1978-ல் போர்ஷே கம்பெனியார் 911 டர்போ காரில் அதைப் பின்புற இறக்கைக்குள் பொருத்தினார்கள். ‘தேநீர்த் தட்டு’ என்று அந்த இறக்கைக்குப் பட்டப் பெயர். உண்மையில் யந்திரத்தின் மூக்கே அதுதான்! சிலரோ காரின் முகப்பிலுள்ள குளிர்விப்பானை மறைத்து அலங்கார விளக்குகளை மாட்டுகிறார்கள். வண்டி மலையேறத் திணறினால் டர்போவைத் திட்டுகிறார்கள். நாம் என்ன சொல்வது? முதலில் விளக்கைக் கழற்றுங்கள், ஸ்வாமி!