ஈடன் கார்டன்ஸில் பிறந்த தீர்ப்பும் வாய் மூடும் கமென்ட்ரி பாக்ஸும்: கிரிக்கெட்டைப் பற்றி யார் பேசலாம்?

2025 ஏப்ரலில் கொல்கத்தாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஐபிஎல் பரபரப்பில் நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம். ஹர்ஷா போக்ளே, சைமன் டூல் இருவரையும் ஈடன் கார்டன்ஸ் மேட்ச்களில் கமென்ட்ரி செய்ய விட வேண்டாம் என்று வங்காள கிரிக்கெட் சங்கம் பிசிசிஐக்குக் கடிதம் எழுதியதாகச் சொன்னது அந்தச் செய்தி.

பிரச்னை பிட்ச்தான். கேகேஆர் கேப்டன் ரஹானே ஸ்பின்னுக்கு உதவும் பிட்ச் கேட்டார். பிட்ச் தயாரிப்பவர் மசியவில்லை. சொந்த ஊர் அணிக்கு அதன் பவுலர்களுக்கு ஏற்ற பிட்ச் கிடைக்க வேண்டும் என்றார் ஹர்ஷா. டூல் ஒரு படி மேலே போய், பேச்சைக் கேட்காவிட்டால் கேகேஆர் வேறு ஊருக்குப் போகலாமே என்றார். இருவரும் இதைச் சொன்னது ஐபிஎல் கமென்ட்ரியில் இல்லை, கிரிக்பஸ் நிகழ்ச்சியில். ஏப்ரல் 21 அன்று ஈடனில் குஜராத்துடன் நடந்த மேட்சில் இருவரையும் காணோம் என்றதும் பேச்சு கிளம்பியது. தனக்கு ஒதுக்கப்பட்ட பட்டியலிலேயே அந்த மேட்ச் இல்லை என்று எக்ஸ் தளத்தில் ஹர்ஷா விளக்கம் கொடுத்தார்.

அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கடிதம் எழுதியதாகச் சொல்லப்படும் சங்கம் எது என்று பாருங்கள். இன்று நீங்கள் தனியார் சேனலில் கிரிக்கெட் பார்க்க முடிகிறது என்றால், அதற்குச் சட்ட ரீதியான அடித்தளம் போட்ட வழக்கு இதே சங்கம் போட்டதுதான்.

1993-இல் என்ன நடந்தது?

அப்போது சங்கத்துக்கு வைர விழா. அதையொட்டி ஹீரோ கப் போட்டியை நடத்தினார்கள். ஒளிபரப்பு உரிமையை தூர்தர்ஷனுக்குக் கொடுக்காமல் டிரான்ஸ் வேர்ல்ட் இன்டர்நேஷனல் என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். அரசு விடவில்லை. 1885-ஆம் வருடத்து தந்திச் சட்டத்தைக் காட்டி, இந்திய மண்ணிலிருந்து சிக்னல் அனுப்பும் உரிமை தன்னிடம் மட்டுமே இருக்கிறது என்றது. சாட்டிலைட்டுக்கு சிக்னல் ஏற்ற அனுமதி கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்து வந்த கருவிகளுக்கு கஸ்டம்ஸில் சிக்கல். சங்கம் கல்கத்தா உயர் நீதிமன்றம் போனது, அங்கிருந்து விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், இடைக்கால உத்தரவின் தயவில் போட்டி வெளியே தெரிந்தது. நவம்பர் 24 அரையிறுதியில் கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 6 ரன் தேவைப்பட, சச்சின் பந்து வீசி 3 ரன் மட்டும் கொடுத்தாரே, அந்த மேட்ச்தான். மூன்று நாள் கழித்து ஃபைனலில் கும்ப்ளே 12 ரன்னுக்கு 6 விக்கெட்.

தீர்ப்பு 1995 பிப்ரவரி 9 அன்று வந்தது. நீதிபதிகள் பி.பி.சாவந்த், எஸ்.மோகன், பி.பி.ஜீவன் ரெட்டி. அலைக்கற்றை பொதுச் சொத்து, அதை ஒழுங்குபடுத்தத் தன்னாட்சி கொண்ட பொது அமைப்பு ஒன்று வேண்டும் என்றார்கள். இந்த வரியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே தீர்ப்பில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி இருக்கிறது: பேச்சுரிமை என்பது பேசுபவருக்கு மட்டுமல்ல, கேட்பவருக்கும் உண்டு. பலவிதக் கருத்துகள் மக்களைச் சேர வேண்டும், ஊடகத்தின் மீது ஏகபோகம் இருந்தால் அது நடக்காது. அந்த ஏகபோகம் அரசுடையதா, தனியாருடையதா என்பது முக்கியமே இல்லை.

அப்போது கண் முன்னால் இருந்த ஏகபோகம் தூர்தர்ஷன் மட்டுமே. தனியார் ஏகபோகம் பற்றிய எச்சரிக்கை வெறும் ஏட்டளவு விஷயமாகத் தெரிந்திருக்கும்.

இப்போது நிலைமை என்ன?

எண்களைப் பார்ப்போம். 2018–22 ஐபிஎல் உரிமையை ஸ்டார் ரூ.16,347.5 கோடிக்கு மொத்தமாக வாங்கியது. 2023–27க்கு பிசிசிஐ டிவியையும் டிஜிட்டலையும் பிரித்து விற்றது. டிவியை டிஸ்னி ஸ்டார் ரூ.23,575 கோடிக்கு எடுத்தது, டிஜிட்டலை வயாகாம்18 எடுத்தது. எல்லாம் சேர்த்து ரூ.48,390 கோடி. 410 மேட்ச் என்று கணக்கு வைத்தால் மேட்ச் ஒன்றுக்கு சுமார் 118 கோடி. இந்தியாவில் நடக்கும் சர்வதேச மேட்ச்கள் 88-க்கு வயாகாம்18 தனியாக ரூ.5,963 கோடி கொடுத்தது.

இரண்டு பேர் முட்டி மோதியதால் வந்த விலை இது. 2024 நவம்பர் 14 அன்று அந்த இரண்டு பேரும் ஒன்றானார்கள். ஜியோஸ்டார் என்ற கூட்டு நிறுவனம் உருவானது, கட்டுப்பாடு ரிலையன்ஸ் கையில். அதே ரிலையன்ஸ் குழுமம்தான் மும்பை இந்தியன்ஸின் சொந்தக்காரர். ஐபிஎல், ஐசிசி, இந்திய அணியின் உள்நாட்டு மேட்ச்கள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். நீங்கள் ஜியோசினிமாவில் இரண்டு சீசன் இலவசமாகப் பார்த்த ஐபிஎல், 2025-இல் ஜியோஹாட்ஸ்டார் சந்தாவுக்குள் போனது நினைவிருக்கும்.

மாதச் சந்தா பெரிய தொகை இல்லைதான். என் கவலை வேலை சம்பந்தப்பட்டது. 2023 சீசனை யோசித்துப் பாருங்கள்: டிவியில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழுக்கு ஒரு கமென்ட்ரி அணி, ஜியோசினிமாவில் தமிழுக்கு இன்னொரு அணி. வானொலியில் அப்துல் ஜப்பார் காலத்திலிருந்து தமிழ் கமென்ட்ரியைக் கேட்டவர்களுக்கு, ஒரே மேட்சுக்கு இரண்டு தமிழ்க் குழு என்பது கனவிலும் வராத விஷயம். பத்ரிநாத், அபினவ் முகுந்த் போன்ற முன்னாள் வீரர்களுக்கும், பொழுதுபோக்கு சேனலிலிருந்து வந்த பாவனா போன்ற தொகுப்பாளர்களுக்கும், அவர்களுக்குப் பின்னால் ஸ்கோர் கிராஃபிக்ஸ், ஸ்கிரிப்ட், டேட்டா என்று உழைத்த பெயர் தெரியாத பலருக்கும் அது நல்ல காலம். ஓரிடத்தில் சரிப்படவில்லை என்றால் இன்னோரிடம் இருந்தது. இன்று நேரலை கிரிக்கெட்டில் அந்த இன்னோரிடம் கிட்டத்தட்ட இல்லை.

இதோடு பிசிசிஐயின் பிடியையும் சேர்த்துப் பாருங்கள். 2016 ஐபிஎல் தொடங்கச் சில நாள் இருக்கும்போது ஹர்ஷா நீக்கப்பட்டார், காரணம் அதிகாரபூர்வமாகச் சொல்லப்படவில்லை. அதற்குச் சில வாரம் முன்புதான், நம் கமென்டேட்டர் நம் வீரர்களைப் பற்றி அதிகம் பேசலாமே என்ற பொருளில் அமிதாப் பச்சன் ட்வீட் போட, தோனி அதை ரீட்வீட் செய்திருந்தார். 2020 மார்ச்சில் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் பிசிசிஐ பட்டியலிலிருந்து விலக்கப்பட்டார். வழிகாட்டுதல்களின்படி நடப்பேன் என்று அவர் கடிதம் எழுதியும் அந்த ஆண்டு ஐபிஎல்லில் இடம் கிடைக்கவில்லை. மூத்த ஆட்களுக்கே இந்தக் கதி என்றால், மூன்று வருட அனுபவமுள்ள ஒரு தமிழ் கமென்டேட்டர் மைக்கைப் பிடித்து, இந்த செலக்‌ஷன் தப்பு என்பாரா? அவர் யோசிப்பார். யாரும் தடை போடத் தேவையே இல்லை.

யூடியூப் இருக்கே, அங்கே பேசலாமே என்கிறீர்களா? டூலும் ஹர்ஷாவும் பேசியது வேறு மேடையில்தான் என்பதை முதலிலேயே பார்த்தோம். அதே 2025 ஏப்ரலில், சிஎஸ்கே அணித் தேர்வு பற்றி ஒரு விருந்தினர் சொன்ன கருத்து சர்ச்சையாக, அஸ்வினின் யூடியூப் சேனல் அந்த சீசன் முழுக்க சிஎஸ்கே மேட்ச்களை அலசுவதில்லை என்று அறிவித்தது. சிஎஸ்கேவில் ஆடிக்கொண்டே சிஎஸ்கேவை அலசும் சேனல் நடத்துவது தனிச் சிக்கல் என்பது உண்மை. ஆனால் தமிழில் கிரிக்கெட்டைக் கொஞ்சம் ஆழமாகப் பேசும் இடங்களில் ஒன்று, தமிழர்கள் அதிகம் பார்க்கும் அணியைப் பற்றி மட்டும் பேசாமல் இருந்தது.

வாங்க ஆளே இல்லை என்றால்?

அதையும் கொல்கத்தா பார்த்துவிட்டது, ஃபுட்பாலில். அஜய் பாசு, புஷ்பேன் சர்க்கார் ஆகியோரின் வானொலி கமென்ட்ரியால் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மேட்ச்களை வீட்டுக்கு வீடு கேட்ட ஊர் அது. 2010-இல் இந்திய ஃபுட்பாலின் வணிக உரிமை 15 வருடத்துக்கு, ரூ.700 கோடிக்கு, ரிலையன்ஸ் கூட்டணிக்குப் போனது. ஐஎஸ்எல் பிறந்தது அந்த ஒப்பந்தத்தில்தான். அது 2025 டிசம்பரில் முடியவிருந்தது. ஃபுட்பால் சம்மேளனத்தின் விதிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் புதுப்பிக்க முடியவில்லை. ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. சென்னையின் எஃப்சி உட்பட கிளப்கள் தடுமாறின. அக்டோபரில் புது டெண்டர் விட்டார்கள், ஆண்டுக்குக் குறைந்தது ரூ.37.5 கோடி என்று. ஒரே ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. ஐபிஎல்லில் ஒரு மேட்ச் விலையில் மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் குறைவு அந்தத் தொகை. வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் சீசன் ஆண்டு முடிந்தும் தொடங்கவில்லை. வீரர்களைப் போலவே, அந்த லீக்கை நம்பியிருந்த கமென்டேட்டர், கேமராமேன், எடிட்டர்களுக்கும் அப்போது வேலை இல்லாமல் போனது.

கிரிக்கெட்டுக்கு இப்படி ஆகாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அடுத்த ஐபிஎல் ஏலத்தில் ஜியோஸ்டாரோடு மோத யார் வருவார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஸ்டார்–வயாகாம் இணைப்புக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 ஆகஸ்டில் சில நிபந்தனைகளுடன் சம்மதித்தது. கிரிக்கெட் விளம்பர நேரத்தில் டிவியையும் ஓடிடியையும் கட்டாயமாகச் சேர்த்து விற்க மாட்டோம் என்ற வாக்குறுதியும் அதில் உண்டு. இப்போதைய உரிமைகள் இருக்கும் வரைதான் அந்த வாக்குறுதி, ஐபிஎல்லைப் பொறுத்தவரை 2027 சீசன் வரை. கமென்ட்ரி பாக்ஸில் யார் உட்காரலாம், யாரை எப்படி நீக்கலாம் என்பது பற்றி அந்த நிபந்தனைகளில் ஒரு வார்த்தையும் இல்லை.